குதிரைக்குத் தோல் சாமான் நானே செய்து பார்க்க ஆசை, எங்கிருந்து ஆரம்பிப்பது?

அந்தியூரான்:

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதம் எங்கள் ஊர் (ஈரோடு மாவட்டம் அந்தியூர்) குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். கத்தியவார் கலப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். காது நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றை ஒன்று தொடுவதைப் பார்த்தால் பொய் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. பந்தயத்துக்கும் இல்லை, வண்டிக்கும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் வாய்க்கால் பாதையில் ஏறிப் போய்விட்டு வருவேன், அவ்வளவுதான்.

பிரச்சினை சாமான்தான். சந்தையில் வாங்கிய நைலான் ஹால்டர் (கட்டிப்போடத் தலையில் மாட்டும் பட்டை) மூக்கெலும்பு மேல் உரசி உரசி முடி கொட்டி, இப்போது அந்த இடத்தில் வெள்ளை முடியாக முளைத்திருக்கிறது. அப்புறம் ஆன்லைனில் ஒரு தோல் கடிவாளம் வாங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஐந்தாவது மாதம் கன்னப்பட்டையில் பக்கிள் ஓரம் ஒரே ஒரு தையல் விட்டது, பிறகு அரிசி மூட்டை வாய்த் தையலை இழுத்ததுபோல மொத்தமும் சர்ரென்று பிரிந்து கையோடு வந்துவிட்டது. நல்ல வேளை, அப்போது நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். அளவும் சரியில்லை. நெற்றிப்பட்டை காதடியைப் பிடித்து அழுத்துகிறது, மூக்குப்பட்டையோ கடைசித் துளையில் மாட்டினாலும் தொளதொளவென்று கிடக்கிறது.

நான் மோட்டார் காயில் கட்டுபவன், கைவேலைக்குப் பயம் கிடையாது. அதனால் நாமே செய்தால் என்ன என்று ஒரு எண்ணம் வந்து இரண்டு மாதமாகத் தூக்கம் போனது. என்ன தோல், எங்கே கிடைக்கும், என்ன கருவி வேண்டும், தையல் மெஷின் இல்லாமல் முடியுமா? முதலில் ஒரு கடிவாளம், அப்புறம் தைரியம் வந்ததும் சேணம் என்று திட்டம். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே சித்தப்பா "தோலைத் தொட்டு வேலை செய்யவா உன்னைப் படிக்க வைத்தோம்" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஆவாரம்பட்டை:

தம்பி, தையலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்தது தோல் ஒன்றுதான். முப்பது வருடத்துக்கு மேல் தோல் பதனிடும் டேனரியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன்.

நீங்கள் வாங்கிய கடிவாளம் பெரும்பாலும் குரோம் தோலாக இருக்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் ஒரே நாளில் பதமாகும், மிருதுவாக இருக்கும், செருப்பு மேல்பாகத்துக்கும் கைப்பைக்கும் நல்லது. ஆனால் இழுத்தால் நெகிழும், குத்திய துளை நாளடைவில் நீண்டுபோகும், ஓரத்தைத் தேய்த்தால் மெருகு ஏறாது. குதிரைச் சாமானுக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது, கடையில் வெஜ்டேன் என்று கேளுங்கள். கடைக்காரர் எதையும் வெஜ்டேன் என்று சொல்லக்கூடும், அதனால் ஒரு துண்டு நறுக்கி வாங்கி வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். சாயம் உள்வரை ஏறியிருந்தால் கண்டுபிடிக்க முடியாது, அப்போது ஒரு சிம்பு எடுத்துக் கொளுத்துங்கள். பட்டைத் தோல் மெதுவாகக் கருகும், குரோம் தோல் வேகமாக எரிந்து பச்சை ஓடிய சாம்பலை விடும்.

உங்கள் ஈரோட்டிலேயே, அப்புறம் திண்டுக்கல், திருச்சிப் பக்கம், பட்டையில் பதனிடும் பழைய முறை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று கப்பலேறியது இதுதான், இன்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடைசியில் கடுக்காய் கொடுப்பார்கள், அந்த வெளிர் மஞ்சள் நிறம் வேறு எதிலும் வராது. (என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.) பெருமை பேசிவிட்டேன், ஆனால் உங்கள் வேலைக்கு நேரடியாக ஆகாது. அதில் வருவது பெரும்பாலும் ஆடு, செம்மறி, சின்ன மாட்டுத் தோல், எல்லாம் மெல்லிசு. மூக்குப்பட்டைக்கு உள்ளே மெத்தென்று லைனிங் வைக்க அதைவிட நல்லது இல்லை, ஆனால் வாராக இழுக்க நிற்காது.

வாருக்கு உங்களுக்கு 3.5 முதல் 4 மி.மீ. தடிமன் வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள், ஒரு அவுன்ஸ் என்றால் 0.4 மி.மீ., அப்போது 9, 10 அவுன்ஸ் என்று வரும். இந்தத் தடிமனில் நம் நாட்டில் நல்ல சரக்கு கான்பூர் எருமைத் தோல். 1860-களில் ராணுவத்துக்குச் சேணம் செய்ய அரசாங்கம் அங்கே தொழிற்சாலை வைத்ததிலிருந்து அந்த ஊருக்கு இது கைவந்த தொழில், இன்றும் வெளிநாட்டுக்குப் போகும் சேணங்களில் நிறைய அங்கே செய்ததுதான். சென்னையில் பெரியமேட்டில் தோல் கடைகளில் ஹார்னஸ் லெதர் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். தடியாக இருக்கிறதே என்று செருப்பின் அடிப்பாகத் தோலை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது அழுத்தி இறுக்கியது, மடித்தால் வெடிக்கும்.

முழுத் தோல் ஒரே தரமாக இருக்கும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. முதுகெலும்பை ஒட்டிய பின்பாதிதான் நார் நெருங்கிய இடம். கழுத்தும் தோளும் பரவாயில்லை, சுருக்கம் இருக்கும். வயிற்றுப் பக்கம் விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்தால் ஒரு மாதத்தில் வார் ஒரு விரல் நீண்டுவிடும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் நீண்டு வாழைப்பழம் மாதிரி வளையும். வார் எப்போதும் முதுகெலும்புக்கு இணையாகத்தான் வெட்ட வேண்டும், மிக நீளமான துண்டை முதலில் எடுங்கள். வாங்கும்முன் முடிப்பக்கம் உள்ளே வருமாறு மடித்துப் பாருங்கள். மெல்லிய கோடுகளாகச் சுருங்கினால் நல்ல தோல், பை பையாகப் புடைத்துச் சுருங்கினால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

செருப்புக்கடைப்பையன்:

ஆவாரம்பட்டை ஐயா சொன்னதற்கு மேல் தோலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கருவியைப் பற்றிச் சொல்கிறேன்.

வெளிநாட்டு வெப்சைட் பார்த்து ஐம்பது உருப்படி கொண்ட பெட்டி வாங்கிவிடாதீர்கள், அதில் நாற்பதைத் தொட மாட்டீர்கள். எங்கள் அப்பா பஸ் ஸ்டாண்டு வாசலில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தது ஒரு குத்தூசி, ஒரு உளி, ஒரு சுத்தியல், ஒரு கருங்கல், ஒரு மெழுகு உருண்டையோடுதான். உங்களுக்கு அதோடு நேராக வார் இழுக்க ஒரு வெட்டுக்கருவி வேண்டும். மரக்கட்டையில் பிளேடு செருகி அகலம் மாற்றிக்கொள்கிற மாதிரி வரும், ஸ்ட்ராப் கட்டர் என்று கேளுங்கள். அது இல்லையென்றாலும் இரும்பு ஸ்கேலும் புது பிளேடும் போதும், பொறுமைதான் வேண்டும். ஓரத்தின் கூர் முனையைச் சீவும் பெவலர் ஒன்று, துளை போடும் பஞ்ச் மூன்று அளவு, கோடு போட ஒரு கவராயம். ஊசி முனை மழுங்கியது வேண்டும், கூரான ஊசி பழைய நூலைக் குத்திக் கிழிக்கும். நூல் மெழுகு போட்ட பாலியெஸ்டர் 0.8 அல்லது 1 மி.மீ.

துணி தைக்கும் மெஷினில் 4 மி.மீ. எருமைத் தோலை வைத்தால் மெஷின்தான் உடையும். அதற்கென்று உள்ள மெஷின் விலைக்கு இன்னொரு குதிரை வாங்கலாம். கைதான்.

அப்புறம் உங்கள் சித்தப்பா. அவர் காலில் போட்டிருப்பது என்ன என்று கேளுங்கள். கோபமாகச் சொல்லவில்லை, கேட்டுக் கேட்டுப் பழகிப்போன பேச்சு இது. நான் அந்தக் கடையில் இருந்துகொண்டேதான் டிப்ளமோ முடித்தேன். உங்கள் ஊரில் மரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், போய் ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள். குத்தூசியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதை வீடியோவில் ஒரு மாதம் பார்ப்பதைவிட அவர் கையைப் பத்து நிமிடம் பார்த்தால் வந்துவிடும். சும்மா கற்றுக்கொண்டு வராதீர்கள், அவருடைய அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

வண்டிக்குதிரை:

எல்லாரும் பெரிதாக எழுதுகிறீர்கள். நான் மதுரைப் பக்கம் பந்தயத்துக்குக் குதிரை வண்டி ஓட்டுகிறவன். தோல் மழையில் நனைந்தால் அழுகும், எலி தின்னும், வாரா வாரம் எண்ணெய் போட வேண்டும். நைலான் பட்டையில் உள்ளே பழைய கம்பளித் துணியைச் சுற்றித் தைத்துப் போடு, உரசாது. தோல்தான் வேண்டும் என்றால் விளக்கெண்ணெயில் முக்கி எடு, ஆயுசுக்கும் ஒன்றும் ஆகாது. நைலான் ஆறு வருடமாக அறுந்ததே இல்லை.

குத்தூசிக்காரி:

அறுந்ததே இல்லை என்பதுதான் அண்ணா அதில் இருக்கிற ஆபத்து. கட்டிப்போட்ட குதிரை மிரண்டு பின்னுக்கு இழுக்கும்போது ஏதாவது ஒன்று அறுந்தாக வேண்டும். ஹால்டர் அறுந்துபோகாவிட்டால் கழுத்து நரம்பும் பிடரி எலும்பும்தான் பதில் சொல்லும். அதனால்தான் மேயவிடும்போதும் வண்டியில் ஏற்றிப் போகும்போதும் தோல் ஹால்டர் போடுகிறார்கள், நைலான் ஹால்டர் என்றாலும் காதுக்குப் பின்னால் போகும் உச்சிப்பட்டையை மட்டும் தோலில் வைக்கிறார்கள்.

நான் இங்கிலாந்தில் வால்சால் என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சேணத் தொழிலுக்குப் பேர் போன ஊர், இங்கே கால்பந்து அணிக்கே செல்லப்பெயர் "சேணக்காரர்கள்", தோலுக்கென்று தனி அருங்காட்சியகம் இருக்கிறது. வேலை ஆஸ்பத்திரியில். வார இறுதியில் ஒரு லாயத்துக்குப் போய் உதவப் போக, அங்கே பழைய சாமான்களுக்குத் தையல் போட்டுப் போட்டு இது தொற்றிக்கொண்டது. ஆறு வருடம் ஆகிறது, இன்னும் சேணத்தைத் தொட்டதில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: உங்கள் திட்டத்தில் வரிசை தப்பு.

சேணத்துக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கிறது, அது குதிரையின் முதுகுக்குப் பொருந்தாவிட்டால் தையல் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதுகு புண்ணாகும், அது தனிப் படிப்பு. கடிவாளம், லகான், வயிற்றுப்பட்டை, அங்கவடி (ஏறும்போது கால் வைக்கும் வளையம்) வார் இவையெல்லாம் அறுந்தால் நீங்கள் கீழே விழும் சாமான்கள். முதல் வருடம் இவற்றைச் செய்யவே வேண்டாம். ஹால்டரில் ஆரம்பியுங்கள். அறுந்தால் குதிரை தோட்டத்தில் ஓடும், பிடித்துக்கொண்டு வரலாம். கடிவாளத்தில் இருக்கிற வேலை அத்தனையும் ஹால்டரிலும் இருக்கிறது: நேராக வார் வெட்டுவது, முனை சீவுவது, பக்கிள் மடிப்பு, கைத்தையல், ஓர மெருகு. அதற்கும் முன்னால் மிச்சத் துண்டில் நாய்க் கழுத்துப்பட்டை இரண்டு செய்யுங்கள், நாய் குறை சொல்லாது.

இப்போது தையல். உங்கள் கடிவாளம் ஏன் சர்ரென்று பிரிந்தது தெரியுமா? மெஷின் தையலில் மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று, துளைக்குள் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். ஒன்று தேய்ந்து அறுந்தால் பிடி விட்டுப் பக்கத்துத் தையலும் தளரும், இழுக்க இழுக்க வரிசையாகப் போகும். சேணத்தையல் என்கிற கைத்தையலில் ஒரே நூல், இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் புகுந்து வரும். அதனால் ஒரு தையல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அக்கம்பக்கத்துத் தையல் அசையாது. தைக்கும் நீளத்தைப்போல நாலு மடங்கு நூல் எடுங்கள், அதோடு இரண்டு சாண் கூட. இரண்டு தொடைக்கும் நடுவில் தோலை இடுக்கிப் பிடிக்க ஒரு மரக்கவை வேண்டும், இரண்டு பலகையும் ஒரு போல்ட்டும் இருந்தால் நீங்களே செய்துவிடுவீர்கள்.

துளை இடைவெளி 4 மி.மீ. வையுங்கள், பழகியபின் 3-க்கு வரலாம். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைக்காதீர்கள், தபால் தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். குத்தூசியின் முனை வைர வடிவம், துளை சாய்ந்து விழ வேண்டும், எல்லாத் துளையும் ஒரே சாய்வில். எந்த ஊசி முதலில், இரண்டாவது நூல் முதல் நூலுக்கு மேலா கீழா என்று ஒரு முறை முடிவு செய்தால் கடைசி வரை மாற்றாதீர்கள். நான் முதல் பட்டையில் நடுவில் டீ குடிக்கப் போய்விட்டு வந்து வரிசையை மாற்றிவிட்டேன். எந்த இடத்தில் டீ குடித்தேன் என்று இன்றும் அந்தப் பட்டையைப் பார்த்தால் தெரியும். முடிக்கும் இடத்தில் மூன்று தையல் பின்னுக்குத் திரும்பி வந்து ஒட்ட நறுக்குங்கள், முடிச்சு வேண்டாம்.

பக்கிள் மடிப்புதான் எப்போதும் முதலில் போகும் இடம். அங்கே தோலின் சதைப்பக்கத்தைப் பாதித் தடிமனுக்குச் சீவிவிட்டு மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு உருண்டு நிற்கும், மடித்த இடத்தின் வெளித்தோல் வெடிக்கும். பக்கிள் நாக்குக்கு வெறும் வெட்டு போதாது, இரண்டு வட்டத் துளை போட்டு நடுவை வெட்டி நீள்துளையாக்குங்கள். வட்ட முனையிலிருந்து தோல் கிழியாது, வெட்டு முனையிலிருந்து கிழியும்.

உங்கள் குதிரைக்கு அளவு ஏன் பொருந்தவில்லை என்பது ஆச்சரியமே இல்லை. கடையில் விற்கிற அளவுகள் எல்லாம் ஐரோப்பியத் தலைக்குப் போட்டவை. கத்தியவார் தலை நெற்றியில் அகலம், மூக்கில் குறுகல், அதனால் நெற்றிப்பட்டை ஒரு அளவும் மூக்குப்பட்டை அதைவிட ஒரு அளவு சின்னதுமாக வேண்டும். நாடாவால் அளந்து, பழைய சீட் பெல்ட் பட்டையில் ஒரு மாதிரி கட்டிப் போட்டுப் பாருங்கள். மூக்குப்பட்டை கன்ன எலும்பின் முனைக்கு இரண்டு விரல் கீழே வர வேண்டும், மாட்டியபின் உள்ளே இரண்டு விரல் போக வேண்டும், தொண்டைப் பட்டையில் நாலு விரல். குதிரை வாய் மெல்லும்போது அளந்து பாருங்கள், சும்மா நிற்கும்போது மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

கடைசியாக, பக்கிளில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். வெண்கலப் பூச்சு போட்ட துத்தநாக வார்ப்பு கடையெல்லாம் கிடைக்கிறது, எடை குறைவாக இருக்கும், ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு தெரியும், ஒரு நாள் பட்டென்று உடைந்து உள்ளே சாம்பல் நிறத்தில் மணல் மணலாகத் தெரியும். முழுப் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் வாங்குங்கள்.

வண்டிக்குதிரை:

தங்கச்சி சொல்வதும் நியாயம்தான். போன வருடம் எங்கள் பக்கத்தில் ஒரு குதிரை மரத்தில் கட்டியபடி மல்லாந்து விழுந்து பிடரி போனது. நைலான்தான். உச்சிப்பட்டையைத் தோலுக்கு மாற்றிப் பார்க்கிறேன். ஆனால் விளக்கெண்ணெய் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான், எங்கள் தாத்தா கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலைச் சாலுக்கு அதைத்தான் தடவினார்.

ஆவாரம்பட்டை:

தடவினார், முக்கவில்லை. வித்தியாசம் இருக்கிறது தம்பி. கமலைத் தோல் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து வெயிலில் காய்வது, அதற்கு எவ்வளவு எண்ணெயும் தகும். பட்டையில் பதனிட்ட வாரை எண்ணெயில் ஊறவைத்தால் நார் வழுக்கி, தோல் துவண்டு, தையல் துளை அகலமாகும். துணியில் தொட்டு, சதைப்பக்கமாக, மெல்லிசாக ஒரு கை, ஒரு நாள் விட்டு வேண்டுமென்றால் இன்னொரு கை. விளக்கெண்ணெய் மோசம் இல்லை. மாட்டுக் கால் எலும்பில் எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் கிடைத்தால் அதுதான் முதல் தரம். ஆளிவிதை எண்ணெய் மட்டும் தொடக்கூடாது, அது காய்ந்து பிசினாக இறுகித் தோலை வெடிக்க வைக்கும். கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

எண்ணெயைவிட முக்கியம் வியர்வை. குதிரை வியர்வையில் உப்பு, அது தோலில் காய்ந்தால் நாரைத் தின்னும். ஏறி இறங்கியதும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, வாரம் ஒரு முறை கிளிசரின் சோப்பு, நிழலில் காய்ச்சல். வெயிலில் போட்டுக் காயவைத்த தோல் அப்பளம்தான்.

அந்தியூரான்:

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சொன்னபடியே செய்தேன். மரத்தடிப் பெரியவரிடம் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முதல் நாள் அவர் என்னை நம்பவே இல்லை, யாரோ சர்வே எடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். இரண்டாவது வாரம் சித்தப்பாவே தன் செருப்பைக் கொடுத்தனுப்பினார், வார் அறுந்துவிட்டதாம். பேசாமல் வாங்கிக்கொண்டு போய்த் தைத்துக் கொடுத்தேன்.

பெரியமேட்டுக்குப் போய் எருமைத் தோல் பின்பாதி ஒன்று வாங்கினேன். மடித்துப் பார்த்ததும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் வேறு தோல் எடுத்து வந்தார், ஐயாவுக்கு நன்றி. நாய்க்கு இரண்டு கழுத்துப்பட்டை, பிறகு ஹால்டர். ஒரு வாரில் ஏழு அங்குலம் தைக்க முதலில் இரண்டரை மணி நேரம் ஆனது, இப்போது ஐம்பது நிமிடம். உச்சிப்பட்டையை ஒற்றைத் தோலில் மெல்லிசாக வைத்தேன், மற்ற பட்டைகளை வளையத்தில் மாட்டி ஒவ்வொன்றாகத் தொழுவத்து விட்டத்தில் கட்டி நானே தொங்கிப் பார்த்தேன், எழுபத்து மூன்று கிலோ, ஒரு தையல் அசையவில்லை. குதிரைக்குப் பொருந்தியிருக்கிறது, மூக்கில் முடி திரும்ப வருகிறது (வெள்ளையாகத்தான்).

இரண்டு குறை. ஒன்று, கன்னப்பட்டையை நனைத்து இரும்பு மேசை மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் கீழ்ப்பக்கம் முழுக்கக் கருநீலக் கறை, தேய்த்தாலும் போகவில்லை. எதனால்? இரண்டாவது, ஓரம் மெருகு ஏறவே இல்லை, நார் நாராகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

ஆவாரம்பட்டை:

கறையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் எழுதும் மை எதில் செய்தார்கள்? கடுக்காயும் அன்னபேதியும். கடுக்காயில் இருக்கிற துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்தால் கருப்பு. உங்கள் தோலுக்குள் முழுக்கத் துவர்ப்பு, கீழே இரும்பு, நடுவில் ஈரம், மேசை மேலேயே மை காய்ச்சியிருக்கிறீர்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்துவிட்டுச் சுத்தத் தண்ணீரில் கழுவுங்கள், புதுக்கறை என்றால் பெரும்பாலும் போய்விடும். முழுப் பட்டையும் கருப்பாக வேண்டும் என்றால் அதையே வேண்டுமென்று செய்யலாம். துருப்பிடித்த ஆணிகளைக் காடியில் (வினிகர்) ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டிப் பூசினால் தோலே கருக்கும், கையில் ஒட்டாது, வெயிலில் வெளுக்காது. பூசியபின் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள், இல்லாவிட்டால் அந்தப் புளிப்பு தோலில் தங்கிவிடும்.

குத்தூசிக்காரி:

ஓரம் நார் தூக்குவது பெவலர் போட்டதும் நேரே தேய்த்ததால் இருக்கும். முதலில் 220, அப்புறம் 400 உப்புத்தாள். பிறகு விரலால் தண்ணீர் தொட்டு ஓரத்தை ஈரமாக்கிக் காடாத்துணியால் சூடு வரும் வரைக்கும் வேகமாகத் தேயுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள், வேகம்தான் வேலை செய்யும். வழுவழுப்பு வந்ததும் தேன்மெழுகு தடவி மறுபடி துணி. வெட்டும்போது பிளேடு மழுங்கியிருந்தாலும் நார் இழுபடும், இரண்டு வாருக்கு ஒரு முறை மாற்றுங்கள். அதற்கு மேலும் நார் தூக்கினால் அந்த வாரை வயிற்றுப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், உண்மையைச் சொல்லுங்கள்.

அந்தியூரான்:

உண்மைதான். கடைசி வாருக்கு நீளம் போதவில்லை, ஓரத்தில் எடுத்தேன். அதை அறுத்துப் போட்டுவிட்டு வேறு வெட்டுகிறேன். எலுமிச்சை வேலை செய்தது, லேசான நிழல் மாதிரி மட்டும் இருக்கிறது.

இப்போது புதுப் பிரச்சினை. நேற்றுக் காலை ஹால்டரை எடுக்கப் போனால் உச்சிப்பட்டையில் இரண்டு அங்குலத்தைக் காணோம். விளக்கெண்ணெய் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேன் போல, எலி.

வண்டிக்குதிரை:

நான்தான் முதலிலேயே சொன்னேனே எலி தின்னும் என்று. சுவரில் ஆணி அடித்து மாட்டாதே, சுவர் வழியாக இறங்கும். கூரையிலிருந்து கட்டுக்கம்பி ஒன்று தொங்கவிட்டு, நடுவில் பழைய எண்ணெய் டின் மூடியில் துளை போட்டுக் குடை மாதிரி கோத்துவிடு, அதற்குக் கீழே கொக்கி. மூடி ஒரு சாண் அகலமாவது இருக்க வேண்டும், சின்னது என்றால் தாண்டிவிடும். எங்கள் லாயத்தில் மூன்று வருடமாக அப்படித்தான் தொங்குகிறது. உச்சிப்பட்டை புதிதாக வெட்டும்போது எனக்கும் ஒன்று வெட்டு, அளவு அனுப்புகிறேன், காசு தருகிறேன்.